வேலை போனதற்கு நன்றி சொல்ல வேண்டுமா?

அக்டோபர் 4, 2025 – ஒரு வாசகரின் கேள்வி

எனக்கு ஜூன் மாதம் வேலை போனது. தெரிந்தவர் ஒருவர் சொன்னபடி தினமும் படுக்கும் முன் மூன்று நன்றிகளை நோட்டில் எழுதினேன். போன வேலைக்கும் ஒரு நன்றி எழுதினேன். நாற்பத்தோராம் நாள் புது வேலைக்கு ஆர்டர் வந்தது. வேலை போனதே ஒரு வரம் என்று இப்போது நினைக்கிறேன். இங்கே வேலையில்லாமல் இருப்பவர்கள் ஏன் இதைச் செய்து பார்க்கக் கூடாது?

அக்டோபர் 5, ஞாயிறு இரவு

வரமா? உங்களுக்குக் கிடைத்துவிட்டது, அதனால் வரம். கிடைக்காதவனிடம் வந்து சொல்லிப் பாருங்கள்.

நான் திருப்பூர். எக்ஸ்போர்ட் கம்பெனியில் க்யூ.சி., அதாவது தைத்த துணியின் தரம் பார்க்கிற வேலை. 2016 பிப்ரவரியில் சேர்ந்தேன். எங்கள் ஆர்டரில் முக்கால்வாசி அமெரிக்காவுக்குப் போவது. ஆகஸ்ட் 27 அன்று அங்கே நம் சரக்குக்கு இறக்குமதி வரி ஐம்பது சதவீதம் ஆனது. பத்தே நாளில், செப்டம்பர் 6 சனிக்கிழமை சாயங்காலம், மேனேஜர் எங்கள் ஆறு பேரைக் கூப்பிட்டார். "திங்கக்கிழமை வர வேண்டாம். ஆர்டர் வந்ததும் கூப்பிடறோம்" என்றார். முகத்தைக் கூடப் பார்க்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஒன்பதரை வருடத்துக்கு ஒன்றரை நிமிடம். இன்றோடு 29 நாள். கூப்பிடவில்லை.

இதற்கு யாருக்கு நன்றி எழுதுவது? அமெரிக்க அதிபருக்கா?

அக்டோபர் 6

நேற்று கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன். கேள்வி கேட்டவர் நல்ல மனசோடுதான் கேட்டிருக்கிறார். சரி, அவர் சொன்னபடி நேற்று நோட்டு எடுத்து உட்கார்ந்தேன். பையனின் பழைய கணக்கு நோட்டு, பின்பக்கம் காலியாக இருந்தது. எழுதியது: 1. மழை இல்லை. 2. கரண்ட் போகவில்லை. 3.

மூன்றாவது வரவில்லை. தூங்கிவிட்டேன்.

அக்டோபர் 9

பல்லடத்து நண்பர் ஒருவர் உருப்படியாகக் கேட்டிருக்கிறார்: "கிராஜுட்டி வாங்கிட்டீங்களா?" வேலையை விட்டு வரும்போது கம்பெனி கொடுக்க வேண்டிய பணிக்கொடை. இல்லை. ஆனால் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். கடைசியாக வாங்கிய பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து 14,000. வருடத்துக்கு 15 நாள் சம்பளம், அதாவது பாதி, 7,000. ஒன்பது வருடத்துக்கு 63,000. இன்னும் கேட்கப் போகவில்லை. கேட்டால் திரும்பக் கூப்பிட மாட்டார்களோ என்று ஒரு பயம்.

அக்டோபர் 10

மேலே போட்ட கணக்கு தப்பு. நான்கு பேர் திருத்தியிருக்கிறீர்கள், அதில் ஒருவர் திட்டியும் இருக்கிறார். மாதத்தை 30 ஆக வகுக்கக் கூடாது, 26 ஆக வகுக்க வேண்டும். 14,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 9-ஆல் பெருக்கினால் 72,692. கூடவே இன்னொன்று: கடைசி வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்திருந்தால் அதையும் முழு வருடமாக எடுத்துக்கொள்ள வேண்டும். நான் 9 வருடம் 7 மாதம். ஆக பத்து வருடக் கணக்கு, 80,769 ரூபாய்.

நேற்று வரை 63,000 என்று நினைத்து அதையும் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தேன். உட்கார்ந்த இடத்தில் 17,769 ரூபாய் கூடிவிட்டது. இதை நோட்டில் எழுதினேன், மூன்றாவது இடத்தில். அந்த நாலு பேரும் பேர் தெரியாதவர்கள்.

ஐந்து வருடம் முடித்த யாரும் இதை விட்டுவிடாதீர்கள். 1972 சட்டம். வேலையை விட்டு 30 நாளுக்குள் கம்பெனி கொடுத்தாக வேண்டும். "நாங்களா நிறுத்தல, நீங்களா வரல" என்று சொன்னாலும் கொடுக்க வேண்டும்.

அக்டோபர் 14

நேற்று பி.எஃப். அறங்காவலர் குழு கூடி விதிகளை மாற்ற முடிவெடுத்ததாகச் செய்தி. முழுப் பணத்தையும் எடுக்க இரண்டு மாதம் காத்திருந்தால் போதும் என்பது இனி பன்னிரண்டு மாதம், ஆனால் 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம் என்கிறார்கள். இது எப்போது நடைமுறைக்கு வரும் என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்கு அதற்கும் முந்தின பிரச்சினை. கம்பெனி இன்னும் என் வெளியேறிய தேதியைப் போடவில்லை. கடைசி பங்குத்தொகை கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து அதை நாமே ஆன்லைனில் போட்டுக்கொள்ளலாமாம், இ-சேவை மையத்துத் தம்பி சொன்னார். அதுவரை சும்மா இரு என்று அர்த்தம்.

அக்டோபர் 21

தீபாவளி போனது. திருப்பூரில் தீபாவளிக்கு முந்தின இரண்டு நாள் பஸ் ஸ்டாண்டைப் பார்த்திருக்கிறீர்களா? போனஸ் வாங்கிய கையோடு மதுரை, தேனி, திருநெல்வேலி என்று ஊரே கிளம்பும். பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக சீட் பிடிப்பார்கள். இந்த வருடம் நின்று பார்த்தேன். கூட்டம் இருந்தது, ஆனால் பை சின்னதாக இருந்தது. இது என் கண்ணுக்குத் தோன்றியதுதான், கணக்கு இல்லை.

அக்டோபர் 27, நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்

வீட்டில் பீஸ் வந்து இறங்கியிருக்கிறது.

தெரியாதவர்களுக்கு: தைத்து முடித்த பனியனில் தையல் முடிகிற இடமெல்லாம் நூல் நுனி நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கட்டரால் வெட்டி எடுப்பதுதான் பிசிறு வெட்டுவது. யூனிட்டிலேயே செய்வார்கள், அவசரம் என்றால் வீட்டுக்கும் கொடுப்பார்கள். எங்கள் தெருவுக்கு அப்படிக் கொண்டுவந்து கொடுக்கிறவர், எங்கள் பழைய கம்பெனியில் பேக்கிங்கில் இருந்த அக்கா. உசிலம்பட்டிப் பக்கம். அவருக்கும் எங்களோடு வேலை போனது, ஆனால் அவர் போனைப் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. பத்தே நாளில் இரண்டு யூனிட்டில் பேசி, ஆறு வீட்டுக்குப் பீஸ் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு பீஸுக்கு 60 பைசா. என் மனைவிதான் வாங்கினார். நான் முதல் நாள் டி.வி. பார்க்கிற மாதிரி இருந்தேன். இரண்டாம் நாள் இன்னொரு கட்டர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இதில் விஷயம் என்னவென்றால், 2022-ல் இதே அக்காவின் டேபிளிலிருந்து முந்நூறு பீஸை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பிசிறு சரியாக வெட்டவில்லை என்று. அப்போது பையர், அதாவது சரக்கு வாங்குகிற கம்பெனியின் ஆள் வந்திருந்தார். ஏ.கியூ.எல். 2.5 கணக்கில், அதாவது எத்தனை கழிவு வரை ஏற்கலாம் என்கிற கணக்கில், 125 பீஸ் எடுத்துப் பார்த்தோம். ஏழு பீஸ் வரை கழிவு இருந்தால் பாஸ், எட்டு என்றால் அந்த லாட் முழுக்க ஃபெயில். பன்னிரண்டு வந்தது. எல்லார் முன்னாலும் கத்தினேன். "கண்ணு தெரியலன்னா வீட்ல இருங்க" என்றேன். அன்று அவர் ஒன்றரை ஷிப்ட் பார்த்தும் அரை ஷிப்ட் கூலி போடவில்லை. அவர் அப்போதும் "சரிங்க சார்" என்றுதான் சொன்னார்.

இப்போது நான் வெட்டிய பீஸை அவர் வந்து பார்க்கிறார். வாசல் திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திருப்பி, கழுத்துப் பட்டியை விரலால் தடவி, அக்குள் தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். நான் கற்றுக்கொடுத்த அதே வரிசை. 200 பீஸில் பதினொன்றைத் தனியே எடுத்து வைத்தார். "தம்பி, இதுல கை ஓரத்துல பாருங்க" என்றார். பார்த்தேன். இரண்டு அங்குல நூல் தொங்குகிறது. மனைவி உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

சார் தம்பி ஆகிவிட்டேன்.

அக்டோபர் 28

"அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டீர்களா, நன்றி சொன்னீர்களா" என்று ஏழு பேர் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. எப்படிச் சொல்வது? நம் ஊரில் வீட்டு ஆட்களுக்கு, தெரு ஆட்களுக்கு யார் நன்றி சொல்கிறார்கள்? மேடையில் சொல்வோம், கடிதத்தின் அடியில் எழுதுவோம். அம்மா சோறு போட்டால் நன்றி என்றா சொல்கிறோம்? சொன்னால் "என்னடா ஆச்சு உனக்கு" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். கடைக்காரரிடம் "தேங்க்ஸ்ங்க", அதோடு சரி. திட்டும்போது மட்டும் சரளமாக வரும், நன்றிகெட்ட நாயே என்று. நாய்க்குத்தான் நன்றி அதிகம் என்பதும் நாம்தான். என்ன கணக்கோ.

அக்டோபர் 30

தமிழாசிரியர் ஒருவர் மேலே உள்ளதற்குப் பதில் எழுதியிருக்கிறார். பழைய தமிழில் நன்றி என்றால் நாம் வாயால் சொல்வது அல்ல, செய்யப்பட்ட உதவியே நன்றி. திருக்குறளின் பதினொன்றாம் அதிகாரத்தின் பெயர் செய்ந்நன்றி அறிதல். செய்த நன்மையைத் தெரிந்து வைத்திருத்தல். சொல்வதைப் பற்றி அந்தப் பெயரில் எதுவும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து ஐந்து மார்க் வாங்கியிருக்கிறேன், இது இப்போதுதான் உறைக்கிறது. அப்படியானால் என் நோட்டில் "மழை இல்லை, கரண்ட் போகவில்லை" எல்லாம் சேராது. யார் என்ன செய்தார்கள் என்பதுதான் சேரும். முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். பின்பக்கம் பையனின் வகுத்தல் கணக்கு, அவன் கத்தினான்.

நவம்பர் 3

இன்றும் போன் வரவில்லை. 214 ரூபாய் சம்பாதித்தோம், இரண்டு பேர் சேர்ந்து. கட்டை விரல் வீங்கியிருக்கிறது.

நவம்பர் 8

ஈ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீடு பற்றிக் கேட்டவருக்கு: எனக்குக் கிடையாது, 21,000-க்கு மேல் சம்பளம் என்பதால் வெளியே இருந்தேன். அந்த அக்காவுக்கு உண்டு. வேலை போன ஈ.எஸ்.ஐ. தொழிலாளிக்கு அடல் பீமித் வியக்தி கல்யாண் என்று ஒரு திட்டம், 2018-ல் வந்தது. சராசரி தினக்கூலியில் கால்வாசி என்று ஆரம்பித்து, கொரோனா காலத்தில் பாதியாக்கினார்கள். அதிகபட்சம் 90 நாள், ஆயுளில் ஒரு தடவைதான். எத்தனை நாள் பங்குத்தொகை கட்டியிருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் உண்டு, கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அக்காவிடம் சொன்னேன். விண்ணப்பம் போட நானே கூட்டிப்போய் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் தட்டிக் கொடுத்தேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமைக்கும்தான்.

நவம்பர் 13

இன்று ஒரு கூத்து. காலை பதினொரு மணிக்கு அவிநாசி ரோட்டில் ஒரு பேக்கரியில் டீ குடிக்கப் போனேன். வேலையில் இருக்கிறவன் பதினொரு மணிக்குப் பேக்கரியில் இருக்க மாட்டான், அதனால் வீட்டிலிருந்து தூரமாகப் போவது வழக்கம். அங்கே மூலை டேபிளில் எங்கள் மேனேஜர். முழுக்கை சட்டை, இன் செய்து, ஐ.டி. கார்டு கயிறு மட்டும் இல்லை. தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டோம்.

எவ்வளவு நேரம் சும்மா "ஹலோ ஹலோ" சொல்வது? நான்தான் முதலில் வைத்தேன். "என்னங்க சார், ஆபீஸ் வேலையா வந்தீங்களா?" என்றேன். "செப்டம்பர் 20-லேயே எனக்கும் சொல்லிட்டாங்க" என்றார்.

முதல் பதிவில் அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினார் என்று எழுதினேன் அல்லவா. அது அப்படியே இருக்கட்டும், பார்க்கவில்லைதான். ஆனால் அன்றைக்கே அவருக்குத் தன் தேதியும் தெரியுமாம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தினமும் எட்டரைக்கு டிபன் பாக்ஸோடு கிளம்புகிறார்.

அவர் டீக்கு நான் காசு கொடுத்தேன். இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

நவம்பர் 14

நேற்று விட்டுப்போனது. கிளம்பும்போது அவர் சொன்னார்: "காதர்பேட்டைப் பக்கம் ஒருத்தர் ஆள் தேடறார். உள்நாட்டு சரக்கு, குழந்தைங்க டிரஸ். எனக்குக் கேட்டாங்க. பதினெட்டாயிரம்தான் தருவாங்களாம், எனக்குச் சரிப்படாது. நீங்க பாருங்களேன்."

நான் வாங்கியது 26,000. கோபம்தான் வந்தது. இவர் வேண்டாம் என்று தள்ளிய இலையில் நான் உட்கார வேண்டுமா? நம்பரை வாங்கிக்கொண்டேன், பேசவில்லை.

நவம்பர் 16

துபாயில் இருப்பவர், "தன்மானத்தை விடாதீங்க பாஸ், நல்லது வரும்" என்கிறார். ஈரோட்டுக்காரர், "தன்மானத்தை மளிகைக் கடையில் வாங்குவார்களா" என்கிறார். நீங்கள் இருவரும் அடித்துக்கொள்ளுங்கள், நான் பிசிறு வெட்டப் போகிறேன்.

நவம்பர் 22

இடையில் கிராஜுட்டி கேட்கப் போனேன். அதற்கான விண்ணப்பம், படிவம் 1 எழுதிக் கொடுத்து, அதன் நகலில் சீல் வாங்கிக்கொண்டேன். சீல் இல்லாமல் வராதீர்கள் என்று இங்கே ஒருவர் எழுதியது நல்லதாகப் போயிற்று. "டிசம்பர்ல பாதி, ஜனவரில பாதி" என்கிறார்கள். நேற்றிலிருந்து புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்திருக்கின்றன, அதில் இது மாறுமா என்று கேட்காதீர்கள். நான் வெளியே வந்தது செப்டம்பரில்.

வெளியே வரும்போது அந்த நம்பருக்குப் போன் செய்தேன்.

நவம்பர் 26

நேர்காணல் நடந்தது. நேர்காணல் என்று சொல்வது அதிகம். முதலாளிக்கு அறுபது வயது இருக்கும், வேட்டி. கடைக்குப் பின்னால் யூனிட், பதினைந்து மெஷின். நான் ஃபைலைத் திறந்து ஏ.கியூ.எல். பற்றி ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அதெல்லாம் என்னங்க. கிழிஞ்சிருந்தா தனியாப் போடுங்க, அழுக்கா இருந்தா தொவைக்கப் போடுங்க. அவ்ளோதானுங்க."

ஒன்பது வருட அனுபவம் இரண்டு வரியில் முடிந்தது.

திரும்பலாம் என்று எழுந்தபோது துணி ரோல் ஒன்று கண்ணில் பட்டது. தொட்டால் லேசாக இருந்தது. கேட்டேன், 180 ஜி.எஸ்.எம். என்றார், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம். பையில் வட்டக் கட்டர் எப்போதும் வைத்திருப்பேன், சொந்தமாக வாங்கியது. ஒரு வட்டம் வெட்டித் தராசில் வைத்தேன். 1.62 கிராம். வட்டம் நூறு சதுர சென்டிமீட்டர், அதனால் நூறால் பெருக்கினால் போதும். 162. மூன்று இடத்தில் வெட்டிக் காட்டினேன், கிட்டத்தட்ட அதுதான். அவர் ஒன்றும் பேசவில்லை. துணிக்காரருக்குப் போன் போட்டுத் திட்ட ஆரம்பித்தார். திட்டிக்கொண்டே என்னைப் பார்த்து உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார். 18,000. அதனால் மறுபடி ஈ.எஸ்.ஐ.க்குள் வந்துவிட்டேன், இது ஒன்றுதான் பதவி உயர்வு.

நவம்பர் 27

வாழ்த்துச் சொன்ன எல்லாருக்கும் சரி சரி. முதல் கேள்வி கேட்டவர், "பார்த்தீர்களா, நோட்டு எழுதினீர்கள், கிடைத்தது" என்கிறார். ஐயா, நோட்டில் எழுதியதால் துணி எடை குறையவில்லை.

ஆனால் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். அக்டோபரில் எழுதியதையெல்லாம் நேற்று திரும்பப் படித்தேன். வேலை போனதற்கு நன்றி சொல்ல மாட்டேன், இன்னும் மாட்டேன். அது நட்டம். பையனின் டியூஷனை நிறுத்தினோம், மனைவியின் வளையல் ஒன்று பேங்கில் இருக்கிறது. அதை வரம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நோட்டில் இருப்பது வேறு: நாலு பேர் தெரியாதவர்கள் கணக்குத் திருத்தியது, சீல் பற்றிச் சொன்னவர், இ-சேவை தம்பி, அக்கா, மேனேஜர். மேனேஜர் பெயரை மூன்று தடவை அடித்து மூன்று தடவை எழுதியிருக்கிறேன். அவர் எனக்காக எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, வேண்டாததைத் தள்ளிவிட்டார். ஆனால் தள்ளிவிடாமலும் இருந்திருக்கலாம்.

டிசம்பர் 7, ஞாயிறு

ஒரு வாரம் வேலை பார்த்தாயிற்று. அந்த முதலாளி இப்போது வருகிறவர்களிடமெல்லாம் கட்டரை எடுத்து வட்டம் வெட்டிக் காட்டுகிறார். நல்ல துணியில் மட்டும் ஓட்டை போடாதீர்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

மேனேஜருக்குப் போன் செய்து வேலை கிடைத்ததைச் சொன்னேன். "அப்படியா, நல்லதுங்க" என்றார். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பதினெட்டேதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

டிசம்பர் 20

கிராஜுட்டி பாதி வந்தது. வளையலைத் திருப்பினோம்.

ஜனவரி 18, 2026, ஞாயிறு

பொங்கல் முடிந்தது. இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் வேலை, வேறொன்றும் இல்லை. மேனேஜரைப் பற்றிக் கேட்டவருக்கு: வீட்டில் சொல்லிவிட்டாராம். மனைவிக்கு அக்டோபரிலேயே தெரியுமாம், தினமும் டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்திருக்கிறார். இன்னும் வேலை தேடுகிறார்.

அக்காவிடம் ஒருவழியாகப் போனேன். பொங்கலுக்கு மறுநாள், கரும்பும் வாழைத்தாரும் எடுத்துக்கொண்டு, மனைவியோடு. வழியெல்லாம் என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். 2022-ல் கத்தியதை முதலில் சொல்வதா, பீஸ் கொடுத்ததை முதலில் சொல்வதா என்று. வீட்டு வாசலில் ஐந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்கள், பண்டிகை நாளிலும். அக்கா எழுந்து வந்தார். நான் "அக்கா, அன்னிக்கு கம்பெனில..." என்று ஆரம்பித்தேன்.

"அது கிடக்கட்டும் தம்பி" என்றார். "நவம்பர்ல கொண்டுபோன லாட்டுல நாலு பீஸ் குறையுது. யூனிட்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க. உங்க வீட்ல தேடிப் பாருங்க."

தேடினோம். மூன்று கிடைத்தது, கட்டிலுக்கு அடியில். நான்காவதைப் பையன் போட்டுக்கொண்டு விளையாடப் போயிருக்கிறான்.